காதற்பாட்டும் கரிசல் காட்டுக் குடும்பமும்

காதல் என்னும் சொல் நம் கத்தோலிக்க இல்லங்களில் இருவேறு வகையாக வழங்கி வருகின்றது. பாட்டாக அது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நாள் முழுவதும் ஒலிக்கின்றது; அப்போது அதனை எவரும் தடுப்பதில்லை. அதே சொல் வளர்ந்த மகளின் வாயிலிருந்து வந்துவிட்டாலோ, கூரையே இடிந்து விழுந்தாற்போல் வீடு கலங்குகின்றது. பாட்டில் இனிப்பது வீட்டில் கசப்பதேன்? இவ்வினாவுக்கு விடை காண, மக்கள் பாடியும் கேட்டும் படித்தும் பார்த்தும் வரும் காதற் பாட்டுகளையும் கதைகளையும் முறைப்படி ஆராய்ந்த அறிஞர் சிலரைத் துணைக்கொள்வோம்.

"காதலையும் ஆராய்வார் உண்டோ?" என வாசகர் வியக்கலாம். உண்டு. மேலை நாட்டு இலக்கியத்தில் காதல் வளர்ந்த வரலாற்றை தெனி தெ ருழ்மோன் என்பார் 1939-ஆம் ஆண்டிலேயே பெருநூலாக எழுதினார். சாதாரண மக்கள் விரும்பிப் படிக்கும் காதற் கதைகளை ஆராய்வதற்கென்றே 2009-இல் ஒரு பன்னாட்டுக் கழகம் தோன்றி, மறு ஆண்டே தனக்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கிற்று. ஆயினும் இத்துறையில் தமிழர்க்கு உள்ள தொன்மை வேறெவர்க்கும் எளிதில் வாய்ப்பதன்று. காதலுக்கு இலக்கணம் வகுத்து, நிலத்தோடும் பொழுதோடும் அதனைப் பொருத்திக் காட்டிய மொழி நம் மொழி.

வறண்ட நிலமும் பிரிவும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியை அறிந்தவர்கள் அந்நிலத்தின் இயல்பையும் அறிவர். மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொள்ளும் கரிசல் மண். கோடையில் கைந்நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பியே விளைகின்றன. குண்டாற்றில் மணல் தெரியும் நாட்களே மிகுதி. கண்மாய் நிறையாத ஆண்டுகளில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் காலந்தள்ளுவோர் பலர். நெசவும் நூற்பாலையும் கைகொடுக்காவிடில் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்புத் தேடிப் போகின்றனர். பிரிவு என்பது இந்நாட்டு வாழ்வில் ஆண்டுதோறும் நிகழும் ஒன்று.

பழந்தமிழர் இத்தகைய நிலத்திற்குப் பாலை எனப் பெயரிட்டனர். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்தால் அவையே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. பொருள் தேடித் தலைவன் பிரிவதும், பெற்றோர் இசையாதபோது தலைவி அவனுடன் வீட்டைவிட்டுச் செல்லும் உடன்போக்கும் பாலைப் பாட்டுகளிலேயே பேசப்படுகின்றன. இந்நாளில் 'ஓடிப்போய்விட்டாள்' என்று ஊர் இழிவாகப் பேசும் அச்செயலை அந்நூல்கள் இழிவாகப் பேசவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பாலை பாடிய பெருங்கடுங்கோ யாத்த கலித்தொகைப் பாட்டொன்றில், உடன்போன மகளைத் தேடிச் செவிலித்தாய் வெயிலில் நடந்து வருகின்றாள். எதிரே வந்த துறவியரிடம், "என் மகளைக் கண்டீரோ?" என்று கேட்கின்றாள். கண்டோம் என்ற அவர்கள், சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசிக்கொள்பவர்க்கே பயன்படும், முத்து கடலில் பிறந்தாலும் அணிபவர்க்கே அழகு தரும், இசை யாழில் பிறந்தாலும் கேட்பவர்க்கே இன்பமாகும், நின் மகளும் அத்தகையளே என்ற பொருள்படத் தேற்றி, அவள் சென்ற வழியும் அறவழியே என்று கூறி அனுப்புகின்றனர். தேடி வந்தவள் தாய், தேற்றியவர்கள் துறவிகள். மகளின் பின்னால் அரிவாளோடு எவரும் அப்பாட்டில் செல்லவில்லை.

விடுபட்ட பாலும் மீட்ட குருவும்

இக்காதற் பாட்டுகளைத் திருச்சபைப் பணியாளர்கள் எவ்வாறு நோக்கினர் என்பது தனி வரலாறு. கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் தம் தொடக்க காலப் பணியை ஆற்றிய வீரமாமுனிவர், இக்கரிசல் மண்ணை நன்கு அறிந்தவர். அவர் திருக்குறளை இலத்தீன் மொழியில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே பெயர்த்தார், இன்பத்துப்பாலை விட்டுவிட்டார். துறவிக்கு அது தகாது என அவர் கருதியிருத்தல் கூடும். பின்னர் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த ஜி. யு. போப், மூன்றாம் பாலைப் படிக்கவே நெடுநாள் தயங்கினார். படித்துத் தெளிந்த பின்னர் அதில் குற்றமில்லை எனக் கண்டு, 1886-இல் முப்பாலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் தயக்கம் முற்றும் நீங்கிற்று. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் 1913-இல் பிறந்து, உரோமையில் பயின்று குருவாகி, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார், வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில்தான் தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது சங்கப் பாட்டில் இயற்கை. சங்கப் பாட்டின் இயற்கையை ஆராய்பவர் அகப்பாட்டை ஒதுக்க இயலாது. மலையும் கடலும் சுரமும் அங்கே காதலர் நெஞ்சைக் காட்டவே வருகின்றன. 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கி இச்செல்வத்தை உலகறியச் செய்தார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற முதற்காரணராய் இருந்தவரும் அவரே. 1980-இல் இறைவனடி சேர்ந்த அவ்வடிகளார், மணமுறவின் தூய்மையைப் போற்றும் குருவானவர் காதற் பாட்டைக் கற்பதால் குறைவுபடுவதில்லை என்பதைத் தம் வாழ்வாலேயே மெய்ப்பித்தார்.

களத்து மேட்டுப் பாட்டு

ஏட்டுப் பாட்டு அவ்வாறிருக்க, எழுத்தறியா மக்களின் பாட்டும் ஆய்வுக்கு வந்தது. நெல்லைச் சீமையின் அறிஞர் நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பு இதில் முன்னோடி. கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் இம்மண்ணின் சொற்களையும் கதைகளையும் திரட்டித் தந்தார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபையினர் நாட்டார் வழக்காற்றியலைத் தனித்துறையாகவே வளர்த்தனர். அங்கே பணியாற்றிய பேராசிரியர் தே. லூர்து இத்துறையின் அடிப்படைகளைத் தமிழில் எழுதியவர்.

இத்தொகுப்புகளைப் படிப்போர்க்கு இரண்டு செய்திகள் விளங்கும். முதலாவது, களை எடுக்கும்போதும் கதிர் அறுக்கும்போதும் பாடப்பட்ட காதற் பாட்டுகளில் 'மாமன்' 'மச்சான்' என்ற முறைப்பெயரே மிகுதியாக வருகின்றது. இன்னார் மகன் இன்னான் என ஒருவரைச் சுட்டுதல் அரிது. அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைக் கூறலாகாது எனத் தொல்காப்பியம் விதித்த மரபும் இதுவும் ஒரே இயல்பினவாகத் தோன்றுகின்றன. பாட்டு யாரோ ஒருத்தியின் நெஞ்சைப் பேசுகின்றது. பாடுபவள் தன் கதையைச் சொல்கிறாள் என்பது பொருளன்று. வெயிலில் குனிந்து நிற்கும் முதுகுக்கு அது ஓர் ஆறுதல். எனவே, வீட்டில் மகள் ஒரு பாட்டை முணுமுணுத்தாள் என்பதற்காகவே அவளை ஐயுறுவது பாட்டின் இயல்பை அறியாமையே ஆகும்.

இரண்டாவது செய்தி கடுமையானது. நம் கதைப்பாட்டுகளின் தலைவர்கள் பலர் சாதி கடந்து காதலித்தவர்கள். ஆரியமாலையை விரும்பிய காத்தவராயன் கழுமரம் ஏறுகின்றான். பொம்மியைக் கைப்பிடித்த மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாள்கின்றான். வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையில், அந்தண இளைஞன் ஒருவன் செருப்புத் தைப்பவரின் மகளிர் இருவரை மணக்க வேண்டிப் பூணூலையும் குடுமியையும் களைந்து, தானும் அத்தொழிலைக் கற்று, முடிவில் மாமனாரின் மாடுகளைக் கள்வரிடமிருந்து காக்கும் போரில் உயிர் துறக்கின்றான். பாபநாசம் மலைமேல் சொரிமுத்து ஐயனார் கோவிலில் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாக வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

வாழும்போது பொறுக்காத ஊர், மாண்டபின் அவர்களைத் தெய்வமாக்கிக் கும்பிட்டது. அத்துடன் நில்லாமல், கதையையும் திருத்திற்று. முத்துப்பட்டன் மணந்த மகளிர் பிறப்பால் அந்தணரே என்றும், மதுரைவீரன் காசி அரசனின் மகனே என்றும் பிற்காலத்தார் சேர்த்துப் பாடினர். சாதி கடந்த காதலை மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் தவித்த சமுதாயம் கண்ட வழி அது. இத்திருத்தங்களை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும்போது, அவர்கள் நம் மனச்சான்றையே திறந்து காட்டுகின்றனர்.

வெண்திரைக் காதல்

1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்த நாள் முதல் தமிழ்ப் பேசும்படம் காதலை விட்டதில்லை. இதனை ஆராய்ந்தோருள் அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி குறிப்பிடத்தக்கவர். 1980-களில் மதுரை நகரின் ஏழை மக்களிடையே தங்கி, அவர்கள் படம் பார்க்கும் வகையைக் கேட்டறிந்து, 1993-இல் நூலாக எழுதினார். படம் பார்ப்போர் ஏமாளிகள் அல்லர் என்பதும், திரையில் நடப்பது வேறு வாழ்வில் நடப்பது வேறு என அவர்கள் நன்கறிவர் என்பதும், தம் குடும்பத்தில் தீராத சிக்கல்கள் திரையிலாவது தீர்வதைக் கண்டு இளைப்பாறுகின்றனர் என்பதும் அந்நூலால் விளங்குகின்றன. சினிமாவே பிள்ளைகளைக் கெடுத்தது என்று முழுப்பழியையும் அதன்மேல் சுமத்துவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆயினும், நம்மைப் பற்றி எடுத்த படம் ஒன்றை நாமே ஆராயாமல் விடலாகாது. பாரதிராஜா இயக்கி 1981-இல் வெளிவந்த 'அலைகள் ஓய்வதில்லை' அந்தண இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் காதலித்த கதை. பெண்ணின் அண்ணன் செல்வமும் செருக்கும் உடையவன்; தடுப்பதற்கு எதனையும் செய்வான். இறுதியில் இளைஞன் பூணூலையும் பெண் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு ஊரை விட்டுச் செல்கின்றனர். இதனைக் கண்டு அக்காலத்தில் மனம் நொந்த கத்தோலிக்கர் உண்டு. ஆனால் உண்மை யாது? கத்தோலிக்கர் கிறிஸ்தவரல்லாதாரை மணக்கவும் திருச்சபையின் சட்டத்தில் வழி இருக்கின்றது. மறைமாவட்ட ஆயரிடம் விலக்கு பெறலாம். கத்தோலிக்கத் தரப்பினர் தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் அளித்துக் கத்தோலிக்க முறையில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களித்தல் வேண்டும். மற்றவர் தம் சமயத்தைத் துறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படத்துப் பெண்ணுக்கு இதனை எடுத்துரைக்க ஒருவரும் இல்லை. சிலுவையை எறிந்தவள் அவள்தான். எனினும் அவளை அந்நிலைக்குத் தள்ளியது யார் என்ற வினா நம்மை நோக்கி வருகின்றது.

திரைக் காதலில் குறை இல்லாமலும் இல்லை. மறுத்துச் செல்லும் பெண்ணை ஓயாமல் பின்தொடர்வதே வீரம் என்று பல படங்கள் கற்பிக்கின்றன. மறுப்பை மதியாதது காதலாகாது என்பதை நம் ஆண்பிள்ளைகளுக்கு நாமே சொல்லித்தர வேண்டும். 2004-இல் வெளிவந்த 'காதல்' என்னும் படத்தில், பட்டறைத் தொழிலாளியோடு வீட்டை விட்டுச் செல்பவள் பள்ளிச் சிறுமி. சாதிக் கொடுமையை அப்படம் காட்டியது நன்று. ஆயினும் பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்கும் இருபத்தொன்று நிறையாத ஆணுக்கும் திருமணம் செய்யலாகாது என்ற நாட்டுச் சட்டம் பிள்ளைகளின் நன்மைக்கே என்பதை மறத்தல் கூடாது. இன்னொன்று: பெரும்பாலான படங்கள் தாலி ஏறியவுடன் முடிந்துவிடுகின்றன. நம் குடும்பங்களின் கதையோ அங்கேதான் தொடங்குகின்றது.

படிக்கும் பெண்களும் எழுதும் பெண்களும்

காதற் கதைகளை விரும்பிப் படிக்கும் அமெரிக்க இல்லத்தரசியரை ஜேனிஸ் ராட்வே என்னும் பெண் அறிஞர் ஆராய்ந்து 1984-இல் நூல் வெளியிட்டார். ஏன் படிக்கின்றீர்கள் என்று அவர் கேட்டறிந்தபோது, கதையின் சுவையைக் காட்டிலும், புத்தகத்தைக் கையில் எடுத்த அந்தச் சிறுபொழுது மட்டுமே தமக்கென உரிய பொழுது என்று பெண்கள் உணர்ந்தமை தெரியவந்தது. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் நாள் முழுவதும் உழைப்பவர்கள் அவர்கள். ரமணிசந்திரனின் நாவலை மதிய வேளையில் புரட்டும் நம் வீட்டுப் பெண்மணியை ஏளனம் செய்யுமுன், அவளுக்கு வேறு ஓய்வு உண்டா என்று கணவன்மார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நன்று.

நேபாளத்து மலைக்கிராமம் ஒன்றில் லாரா அஹெர்ன் என்பார் செய்த ஆய்வு 2001-இல் நூலாயிற்று. எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் அக்கல்வியைக் கொண்டு காதற் கடிதம் எழுதலாயினர், உடன்போக்கும் பெருகிற்று. ஆனால் தாமே தேடிக்கொண்ட திருமணத்தில் துன்பம் நேர்ந்தபோது, பிறந்த வீட்டின் ஆதரவை நாடும் வழி அப்பெண்களுக்குக் குறுகிப்போயிற்று என்பதையும் அவர் கண்டார். நம் ஊர்களிலும் இதுவே நடக்கின்றது. தானே தேடிக்கொண்டவள் தானே அனுபவிக்கட்டும் என்று கதவைச் சாத்தும் வீடுதான், அவள் அடிபட்டாலும் வாய்திறவாமல் இருக்கக் காரணமாகின்றது.

வெளியில் தெரியாத அன்பு

மார்கரெட் டிராவிக் என்னும் மற்றோர் அமெரிக்க அறிஞர், தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றுடன் வாழ்ந்து, அன்பு என்ற ஒரே சொல்லின் பொருளைத் தேடி 1990-இல் நூல் எழுதினார். அடக்கம், பழக்கம், பணிவு, எளிமை, அடிமை ஆகியவற்றோடு கடுமையும் தமிழர் அன்பின் இயல்புகளாக அவர் கண்டவற்றுள் அடங்கும். தாய் தன் பிள்ளையைப் பிறர்முன் புகழமாட்டாள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கொஞ்சிப் பேசமாட்டார்கள். ஆயினும் அங்கே அன்பு நிறைந்திருந்தது.

இது நமக்குப் பெருமை தருவதே. ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. தாய் தந்தையரிடையே உள்ள அன்பு கண்ணுக்குப் புலப்படாமலே மறைந்திருந்தால், அன்பு எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகள் திரையிலிருந்தே கற்றுக்கொள்வர். கணவன் நோயுற்ற மனைவிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும், அவள் சொல்லைப் பலர்முன் மதித்துக் கேட்பதும் பிள்ளைகள் காண வேண்டிய காட்சிகள்.

கரணமும் ஓலையும்

இனி, திருச்சபையின் சட்டத்திற்கு வருவோம். காதலர் மறைவில் கூடுவதைக் களவு என்றும், திருமணத்துக்குப் பின் வாழ்வதைக் கற்பு என்றும் பகுத்த தொல்காப்பியம், மணச்சடங்கு தோன்றிய காரணத்தையும் கூறுகின்றது: பொய்யும் தவறும் மக்களிடையே புகுந்த பின்னரே பெரியோர் சடங்கை ஏற்படுத்தினர் என்பது அதன் கருத்து. ஒருத்தியோடு கூடிவிட்டு, அவளை அறியேன் என்று மறுக்கும் ஆண்கள் தோன்றியதே காரணம்.

1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் செய்ததும் இதற்கு ஒப்பானதே. மறைவில் வாக்குக்கொடுத்து மணந்து, பின்னர் அதனை மறுத்து வேறொருத்தியை மணப்போர் ஐரோப்பாவில் பெருகினர். ஆதலின் பங்குக்குருவின் முன்னும் சாட்சிகள் முன்னும் திருமணம் நடைபெற வேண்டும், அதற்குமுன் கோவிலில் மூன்றுமுறை அறிவிக்க வேண்டும் என்று சங்கம் விதித்தது. நம் பங்குகளில் ஓலை வாசிக்கும் வழக்கம் அவ்விதியினின்று நிலைபெற்றதே. அதே ஆணையில் மற்றொரு செய்தியும் உண்டு. பெற்றோர் இசைவின்றிப் பிள்ளைகள் செய்யும் திருமணங்களைத் திருச்சபை விரும்பியதில்லை. எனினும் பெற்றோர் இசையவில்லை என்பதாலேயே அத்திருமணம் செல்லாது என்று சொல்வோரைச் சங்கம் கண்டித்தது. மணமக்களின் இசைவே திருமணத்தை ஆக்குகின்றது. அதனை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் கூறுகின்றது. வற்புறுத்தலாலும் பேரச்சத்தாலும் செய்விக்கும் திருமணம் செல்லாது என்பதும் அச்சட்டமே. மகளை மிரட்டி மணமேடை ஏற்றும் தந்தை, தம் கௌரவத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு திருவருட்சாதனத்தையே பொய்யாக்குகின்றார்.

நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2018-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் இசைவோ சமூகத்தின் இசைவோ தேவையில்லை என்று தெளிவுபடுத்தி, அத்தகையோரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கவும் ஆணையிட்டது. ஆணவக்கொலைச் செய்திகள் நம் தென்மாவட்டங்களிலிருந்து இன்னும் வருகின்றன. ஒரே அப்பத்தை உட்கொண்டு, ஒரே கல்லறைத் தோட்டத்தில் உறங்கப்போகும் நாம், பெண் கொடுக்கல் வாங்கலில் மட்டும் சாதியைத் தேடினால், நம் ஞானஸ்நானத்திற்குப் பொருள் யாது?

திருத்தந்தை 16-ஆம் ஆசீர்வாதப்பர் 2005-இல் எழுதிய முதல் சுற்றுமடலில், விழைவுக் காதலையும் தன்னைக் கையளிக்கும் அன்பையும் முற்றிலும் பிரித்துவிட முடியாது என்று விளக்கினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட குடும்ப மடலில் இளங்காதலர் கொண்டாடும் வாலண்டைன் நாளையும் குறிப்பிட்டு, அதன் பயனை நம்மைவிட வணிகர்களே விரைந்து கண்டுகொண்டதைச் சுட்டிக்காட்டினார். திருவிவிலியத்திலேயே காதலர் இருவரின் உரையாடலாக அமைந்த இனிமைமிகு பாடல் எட்டு அதிகாரங்களில் இடம்பெற்றிருக்கையில், காதல் என்னும் சொல்லை நம் வீடுகளில் பேசாப் பொருளாக வைத்திருப்பது முறையன்று.

எனவே, பெற்றோரே, மகனோ மகளோ மனத்தில் உள்ளதைச் சொல்லும் நாளில் முதலில் கேளுங்கள். அந்தப் பிள்ளை குடிக்கிறவனா, உழைக்கிறவனா, பொய் பேசுகிறவனா, பொறுப்புள்ளவளா என்று விசாரியுங்கள். அவ்வாறு விசாரிப்பது உங்கள் உரிமையும் கடமையும் ஆகும். சாதியை மட்டும் அந்த விசாரணையில் கேளாதீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், பங்குத்தந்தையை நாடுங்கள், காத்திருக்கச் சொல்லுங்கள். இளைஞர்களே, உங்கள் காதல் மெய்யானதாயின் அது பெற்றோரின் கேள்விகளுக்கு அஞ்சாது, காலத்துக்கும் அஞ்சாது. அதற்கும் மேல் பிள்ளை தன் வழியே சென்றுவிட்டால், வீட்டின் கதவைத் திறந்தே வையுங்கள். கரிசல் நிலம் கோடையில் எவ்வளவு பிளந்தாலும், ஐப்பசி மழை விழுந்ததும் அப்பிளவுகள் தாமே மூடிக்கொள்கின்றன. அம்மண்ணில் பிறந்த நமக்கு, பிளவை மூடிக்கொள்ளும் பண்பு அயலார் கற்பிக்க வேண்டியதன்று.